எருமை ஏன் கூப்பிடவில்லை

ஜூன் 2, திங்கள்

ஃபிசியோதெரபி கிளினிக்கில் பிரிசில்லா என்று ஒரு பெண். என் ஐம்பத்தொரு வயதில் பாதிகூட இருக்காது. என் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய குழாயைப் பார்த்த பிளம்பர் மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். வலது பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதாம். தினமும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன், எந்தப் பக்கம் எத்தனை தடவை திரும்பினேன் என்று எழுதி வரச் சொன்னாள்.

அதற்காகத்தான் இந்த டைரி. ஜனவரியில் யாரோ கொடுத்தது. இரண்டே பக்கத்தில்தான் எழுத்து இருக்கிறது. ஒன்றில் 'இன்று முதல் நடைப்பயிற்சி'. அடுத்ததில் 'நாளை முதல் நடைப்பயிற்சி'.

ஆபீசில் உங்களுக்கு வலது பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஜன்னல் என்றேன். ஏசி வைப்பதற்காக அந்த ஜன்னலைப் பலகை அடித்து மூடி நாலு வருடம் ஆகிறது. ஜன்னலுக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் கலாமணி என்ற பெண்மணியின் மேசை இருக்கிறது. அது மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத தகவல் என்பதால் சொல்லவில்லை.

உட்கார்ந்தது ஒன்பது மணி நேரம். திரும்பியது: எண்ண மறந்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

என் வேலை என்ன என்று பிரிசில்லா கேட்டாள். கார்ட்டூன் பொம்மைகளை நடக்க வைப்பது என்றேன். கம்ப்யூட்டரே நடக்க வைத்துவிடாதா என்றாள். எங்கள் அத்தையும் இதையேதான் கேட்டார். நான் பார்த்த முப்பத்தெட்டு ஜாதகங்களில் முப்பது பெண்களின் அப்பாக்களும் இதையேதான் கேட்டார்கள்.

கம்ப்யூட்டர் மடையன். பொம்மை இங்கே நிற்கிறது என்று நான் ஒரு கீ வைக்க வேண்டும். அங்கே போய் நிற்கிறது என்று இன்னொரு கீ. கீ என்றால் டைம்லைனில் சிவப்பாக ஒரு கோடு, சுவரில் ஆணி அடித்த மாதிரி. இரண்டு ஆணிக்கும் நடுவில் கயிறு கட்டுவதுதான் கம்ப்யூட்டரின் வேலை. ஒரு நொடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம். அதில் எங்கெங்கே ஆணி அடிக்கிறோம் என்பதில்தான் பொம்மைக்கு உயிர் வருவதும் போவதும்.

நான் ஆணி அடிக்கிறவன். கலாமணி ஆணி பிடுங்குகிறவர். நான் முடித்த ஃபைலைத் திறந்து, வேண்டாத கீகளைத் தேர்ந்தெடுத்து நீக்கி, கர்வ்களை, அதாவது அந்தக் கயிறுகளின் வளைவுகளை, நீவிவிடுவார். "ஏனுங்க, ஒரு கொட்டாவிக்கு நாப்பது கீ எதுக்குங்க? ஆறு போதும். வாத்து கொட்டாவி உடுதா, பல்லு புடுங்கிக்குதா?" இன்றைக்குக் கேட்டது இது. ஆபீசே சிரித்தது. நானும் வலது பக்கம் திரும்பிச் சிரித்தேன். ஒரு தடவை.

ஜூன் 5, வியாழன்

ஒரு மனக்குறையை எழுதி வைக்க வேண்டும்.

இந்தக் கோயமுத்தூரில் ஆணாய்ப் பிறந்த எல்லோரும் அண்ணாதான். கலாமணி டீக்கடைக்காரரை 'ணா' என்பார். முடித்த ஃபைலை வீடியோவாக்கும் ரெண்டர் வேலை பார்க்கும் ரசாக்கை ரசாக்ணா என்பார். ஓனர் நித்தியகுமார் அவரைவிட எட்டு வயது இளையவர், அவரே நித்திண்ணாதான். கூரியர் கொண்டு வருகிறவர், பஸ் கண்டக்டர், எதிர்க் கடையில் மோட்டார் பம்பு விற்கிறவர் எல்லோரும் அண்ணா. என்னை மட்டும் ஆறு வருடமாக, எங்கள் அம்மா அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி, 'ஏனுங்க'. ஒரு அண்ணாவுக்குக்கூடவா நான் லாயக்கில்லை?

ரசாக்கிடம் இதைச் சொன்னேன். "நீங்க நெஜமாத்தான் கேக்கறீங்களா சென்னிண்ணா?" என்றான். நிஜமாகத்தான் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். மரியாதை தெரியாதவன்.

நான் கலாமணியை எப்படிக் கூப்பிடுகிறேன் என்றால், கூப்பிடுவதில்லை. தொண்டையைச் செருமுவேன். அவர் திரும்புவார். வேலை நடந்துவிடும்.

ஜூன் 7, சனி

நல்ல சாரல். மழை விட்ட நேரத்தில் கலாமணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். குடை மேசையிலேயே கிடந்தது. ஊதா நிறம், ஒரு கம்பியில் தையல் விட்டுப் போயிருந்தது. தைத்துக் கொடுக்கலாமே என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

தையல் போட்டாயிற்று. குடையை எடுத்து வர மறந்துவிட்டேன்.

புது வேலை வந்திருக்கிறது. குழந்தைகள் தொடர். அமிர்தம் டீச்சர் என்று ஒரு வாத்து, கண்ணாடி போட்டது. சின்னச்சாமி என்று ஒரு எருமை. பத்து நொடிக் காட்சி: டீச்சர் குடையை மறந்துவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் போகிறார். எருமை குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறது. கதையை எழுதியவர் சேனல்காரர். நான் இல்லை. அங்கே குடை இருப்பதற்கும் என் வீட்டில் குடை இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜூன் 11, புதன்

கலாமணிக்கு ஹைதராபாத்தில் ஒரு ஸ்டூடியோ கூப்பிட்டு வேலை தந்திருக்கிறது. அவர் பெண் தாரணி அங்கேதான் வேலை பார்க்கிறாள். அப்பா போய் ஒன்பது வருடமாயிற்று, அம்மா ஏன் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட வேண்டும், இங்கே வந்துவிடு என்கிறாளாம். நியாயம்தான். இருபத்தேழாம் தேதி சாயங்காலத்துக்குள் வருகிறேனா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டுமாம்.

இதை டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார். நித்தி போகாதீங்கக்கா என்றார். ரசாக் போகாதீங்கக்கா என்றான். கலாமணி என் பக்கம் பார்த்தார்.

ஹைதராபாத்தில் பிரியாணி நன்றாக இருக்கும் என்றேன்.

எனக்குக் கவலை என்னவென்றால், என் கர்வ்களை இனி யார் நீவுவார்கள்? தொழில் சம்பந்தப்பட்ட கவலை.

ஜூன் 12, வியாழன்

கழுத்து மோசம். உட்கார்ந்தது பத்து மணி நேரம். வலது பக்கம் திரும்பியது பதினாறு. ஏசி காற்று வருகிறதா என்று பார்ப்பதற்காக.

ஜூன் 14, சனி

காலையில் வாத்தின் நடையை எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். மூன்று நாள் உழைப்பு. வாத்துகள் எப்படி நடக்கின்றன என்று நாற்பது வீடியோ பார்த்துச் செய்தது.

அமிர்தம் டீச்சர் நாலு அடி வைப்பார். இடது கால் தரையில் லேசாக இழுபடும். நிற்பார். இறக்கையின் பின்பக்கத்தால் கண்ணாடியை மேலே தள்ளுவார். பிறகு, நின்றதே தெரியாத மாதிரி மறுபடி நாலு அடி.

முதலில் ரசாக்தான் சிரித்தான். பிறகு நித்தி. அப்புறம் அறை முழுக்க. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கலாமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலாமணி அந்த நேரம் பார்த்து மணிக்கட்டின் பின்பக்கத்தால் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

சத்தியமாக வாத்து வீடியோ பார்த்துத்தான் செய்தேன். நாற்பது வீடியோ. வாத்துகள் கண்ணாடி போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

கலாமணி பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார். அது போதாதா?

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த இழுவையையும் கண்ணாடித் தள்ளலையும் எடுத்துவிட உட்கார்ந்தேன். டைம்லைனில் மவுஸை இழுத்து, அந்த இடத்துக் கீகளை மொத்தமாகப் பிடித்து, டெலீட். சேவ். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஜனவரியில் எழுதியதில் ஒன்று நிறைவேறியது.

ஜூன் 16, திங்கள்

இருபத்தைந்து வருட அனுபவசாலி செய்த காரியம்:

கீகளைப் பிடிக்கும் முன் எந்தப் பொம்மையின் எந்த உறுப்பு என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் வேலைக்கு வருகிறவனுக்கு நாங்கள் சொல்லித் தரும் முதல் பாடம். நான் வாத்து, எருமை இரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு மவுஸை இழுத்திருக்கிறேன். அதுவும் ஏறக்குறைய ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. தலை, கால், இறக்கை, கொம்பு, குடை, எல்லாக் கீயும் காலி. முதல் கீயும் கடைசிக் கீயும்தான் மிச்சம். இரண்டு ஆணி, ஒரு கயிறு. காலையில் போட்டுப் பார்த்தால் அமிர்தம் டீச்சர் காலை அசைக்காமல் மைதானத்தில் வழுக்கிக்கொண்டு போகிறார். பின்னாலேயே எருமையும் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டும் பாசியில் கால் வைத்த மாதிரி.

பழைய பிரதி இருக்குமே என்றார் நித்தி. ஆட்டோ சேவ் போட்டால் என் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அதை அணைத்து வைத்த மகானும் நான்தான். ரசாக்கிடம் காட்டுவதற்குப் போடும் சின்ன வீடியோகூட இல்லை. நேராக என் திரையில்தானே காட்டினேன்.

சேனலுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

எதற்கு அழித்தீர்கள் என்று நித்தி கேட்டார். நடை சரியில்லை என்றேன். கலாமணி தன் திரையையே பார்த்துக்கொண்டு, "நடைக்கு என்னங்க கொறச்சல்?" என்றார். தண்ணீர் குடிக்கப் போனேன். மூன்று தடவை போனேன்.

ஜூன் 17, செவ்வாய்

பதினொரு மணிக்குக் கலாமணி என் மேசைக்கு வந்தார். போனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். லிஃப்டுக்கு வெளியே நீள வராந்தா. ஆள் நடமாட்டம் இல்லை.

"வீடியோ எடுங்க. நான் நடக்கறேன். பாத்துப் பண்ணிக்குங்க."

நான் தொண்டையைச் செருமினேன்.

"செருமறதெல்லாம் அப்பறம். போன நேராப் புடிங்க."

நடந்தார். நாலு அடி. இடது செருப்பு தரையில் ஒரு தேய் தேய்த்தது. நின்றார், மணிக்கட்டால் கண்ணாடியைத் தள்ளினார், மறுபடி நாலு அடி. வராந்தாக் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். நான் ஒன்றுமே சொல்லித் தரவில்லை.

"வந்துச்சுங்களா?"

"அந்த இடது கால்..." என்று ஆரம்பித்தேன்.

"இழுக்கோணும். தெரியுமுங்க. ஏழாவது படிக்கறப்ப சைக்கிள்ல போய் வாய்க்கால்ல உளுந்தேன். எலும்பு சரியாக் கூடல."

ஆறு வருடமாக அது செருப்பின் கோளாறு என்று நினைத்திருந்தேன். அதை எடுத்து ஒரு வாத்துக்கு மாட்டி, பத்துப் பேர் முன்னால் போட்டுச் சிரிக்க வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அவரே சொன்னார்: "சனிக்கெழம எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலீங்க. ஊட்டுக்குப் போயி ரோசன பண்ணுனேன். என்ற காலு இழுக்கறப்ப எல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும். அந்த டீச்சரு வெக்கப்படவே இல்ல. அதுபாட்டுக்கு மகராணியாட்டம் போச்சு. நல்லாருந்துச்சுங்க. அத ஏனுங்க அழிச்சீங்க?"

வீடியோ ஆடிப்போய் வந்திருக்கிறது. போன் பழசு.

ஜூன் 19, வியாழன்

வாத்து நடை முடிந்தது. ஒன்றரை நாளில். மீதி நேரத்தில் எருமையையும் மறுபடி ஓட வைத்துவிட்டேன்.

வராந்தா வீடியோவைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். வைத்ததோடு சரி, பார்க்கவில்லை. எந்த ஃப்ரேமில் கால் இழுபடும், எந்த ஃப்ரேமில் கை மேலே போகும், நின்ற பிறகு எத்தனை ஃப்ரேம் கழித்துத் தலை நிமிரும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருந்தது. அனுபவம்.

இந்த முறை கீகள் குறைவு. கலாமணி ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை.

வலது பக்கம் திரும்பியது: இருபத்திரண்டு.

ஜூன் 23, திங்கள்

சேனல்காரர்களுக்கு வாத்தை ரொம்பப் பிடித்துவிட்டதாம். தொடர் முழுக்க இந்த நடையே இருக்கட்டும் என்றார்களாம். கலாமணி வீட்டிலிருந்து எல்லோருக்கும் வெல்லம் வைத்துச் சுட்ட ஒப்புட்டு கொண்டு வந்தார். எனக்கு இரண்டு.

ஆனால் எருமையைப் பிடிக்கவில்லை. நித்தி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டிக் காட்டினார். எருமை மாங்கு மாங்கென்று ஓடி வருகிறது. டீச்சருக்கு இரண்டடி பின்னால் வந்து நின்றுவிடுகிறது. வாயைத் திறக்கிறது. மூடிக்கொள்கிறது. டீச்சர் போய்விடுகிறார். எருமை குடையோடு நிற்கிறது.

"ஏனுங்ண்ணா, இத்தன தூரம் ஓடி வந்த எருமை ஏன் கூப்பிட மாட்டேங்குது?" என்றார் நித்தி.

எருமையின் சுபாவம் என்றேன்.

சுபாவத்தை மாற்றி வெள்ளிக்கிழமைக்குள் குடையைக் கொடுக்க வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டிலிருக்கும் குடையை இன்றும் மறந்துவிட்டேன். பதினாறு நாள் ஆகிறது. சனிக்கிழமை நனைந்துதான் போனார், பார்த்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

எருமை. வாயைத் திறக்க 204-வது ஃப்ரேமில் ஒரு கீ. மூட 208-ல் ஒரு கீ. 208-ஐத் தள்ளி வைத்துப் பார்த்தேன். வெறுமனே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வேகத்தைக் கூட்டினேன், டீச்சரை இடித்துத் தள்ளுகிறது. கையை நீட்ட வைத்தேன். பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 25, புதன்

எருமை. கழுத்து. எருமை.

பிரிசில்லாவிடம் இந்த டைரியைக் காட்டினேன். ஏதோ தேதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். "சார், இத நான் எண்ணிக்கை எழுதத்தானே கேட்டேன்," என்றாள். பிறகு, "இதுக்கு எக்சர்சைஸ் எங்கிட்ட இல்ல," என்றாள். என்ன கிளினிக் நடத்துகிறார்களோ.

ஜூன் 26, வியாழன்

எருமை மறுபடி அதே இடத்தில்தான் நிற்கிறது. கை விட்டுவிட்டேன். அப்படியே கலாமணியிடம் நீவக் கொடுத்தேன்.

ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறை. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "வாயத் தொறக்குது, சத்தம் வாரதுக்குள்ள மூடிக்குது. என்ன சொல்லோணும்னு அதுக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சும் சொல்லாதுங்களா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்," என்றேன்.

"நாளைக்குள்ள சொல்லிருமாங்க?"

ரெண்டர் அறைக் கதவில் சாய்ந்தபடி ரசாக் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சேனல்காரர்கள் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கலாமணி ஃபைலை முடித்து என் மேசைக்கு அனுப்பிவிட்டார். நான் திறந்தபோது மணி நாலே முக்கால். அவர் பையை எடுத்துக்கொண்டு நித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்சம் சீக்கிரம் போகிறேன், பஸ்ஸிலேயே ஹைதராபாத்துக்குப் பதில் அனுப்பிவிடுகிறேன் என்று. வெளியே சாரல்.

ஃபைலை ஓட்டினேன். எருமையை அவர் தொடவே இல்லை. வாய் 204-ல் திறந்து 208-ல் மூடிக்கொள்கிறது, அதே மடத்தனம். வாத்தைத்தான் மாற்றியிருந்தார்.

188-வது ஃப்ரேமில் அமிர்தம் டீச்சர் நிற்கிறார். கண்ணாடியைத் தள்ளவில்லை. சும்மா நின்று, தலையைப் பின்னால் திருப்புகிறார். 188-ல் ஒரு கீ, 212-ல் அதே கீ. இரண்டுக்கும் நடுவில் ஒரு அசைவும் கிடையாது. இருபத்துநாலு ஃப்ரேம். முழுசாக ஒரு நொடி.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு நொடி பெரிதில்லை. எங்கள் தொழிலில் பத்து நொடிக் காட்சியில் ஒருவர் ஒரு நொடி நின்றால், அது யுகம். வேண்டாத கீ ஒன்றைக்கூட விட்டு வைக்காத பெண்மணி அவர். எருமை கூப்பிடவே இல்லை. கூப்பிடாமலே நின்றிருக்கிறார்.

212-க்குப் பிறகு டைம்லைன் காலி. ஒரு கீகூட வைக்காமல் எனக்கு விட்டிருந்தார்.

208-ல் வாயை மூடுகிற கீயை மட்டும் பிடித்தேன். எந்தப் பொம்மை, எந்த உறுப்பு என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். டெலீட். சேவ். எழுந்து ஓடினேன். குடை என் மேசைக்கு அடியில்தான் இருந்தது. இந்தத் திங்கட்கிழமை ராத்திரி நான் எழுதியது பொய். அன்றைக்கே எடுத்து வந்துவிட்டேன். கொடுக்கத்தான் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் இருபது பேர் இருப்பார்கள். கலாமணி ஓரமாக நின்று போனில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டடி பின்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். கழுத்து வலித்தது. பஸ் வருவது தெரிந்தது.

"கலாமணி," என்றேன்.

சத்தம் கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது. ஆறு வருடச் சேமிப்பு. இருபது பேரும் திரும்பினார்கள். கலாமணிதான் மெதுவாகத் திரும்பினார்.

குடையை நீட்டினேன். வாங்கி, விரித்து, தைத்திருந்த கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"மூணு வாரமா உங்ககிட்டத்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"நான் தெனமும் நனஞ்சனே."

"பார்த்தேனுங்க."

பஸ் வந்து நின்றது. பதினெட்டுப் பேர் ஏறினார்கள். மீதி இரண்டு பேர் எங்களுக்காகவே நின்றார்கள், அவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

"பிரியாணி ஒண்ணும் அவ்வளவு நல்லா இருக்காதாம்," என்றேன். "விசாரிச்சேன்." அவர் சும்மா நின்றார். இருபத்துநாலு ஃப்ரேம் இருக்கும். "போகாதீங்க," என்றேன்.

அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஹைதராபாத்துக்குப் பதில். வர முடியாததற்கு மன்னிக்கவும் என்று முடித்திருந்தார், இன்னும் அனுப்பவில்லை. என் கண் முன்னாலேயே அனுப்பினார்.

"பாப்பாகிட்ட நேத்தே பேசிட்டேன். மாசம் ஒருக்கா ரயில்ல போய்ப் பாத்துட்டு வந்தா ஆச்சுன்னேன். அது கேட்டுச்சு, ஏம்மா, அந்த மனுசன் வாயத் தொறந்துட்டாரான்னு. இல்ல, நாளைக்குத் தொறப்பாருன்னு சொன்னேன்." கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளிக்கொண்டார். "ஏனுங்க, குடைக்குள்ள வாங்க. நனையறீங்க."

உட்கார்ந்தது, திரும்பியது எதுவும் எண்ணவில்லை.

ஜூன் 30, திங்கள்

வெள்ளி ராத்திரியே திரும்பிப் போய், 212-க்குப் பிறகு எருமை குடையைக் கொடுக்கிற கீகளை வைத்தேன்; சேனலில் எருமைக்கும் ஓகே ஆகிவிட்டது.

பிரிசில்லா என் மேசையை மாற்றிப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள். நித்தி சிரிக்காமல் வாங்கிப் படித்தார், பிறகு சிரித்தார். மேசையைத் தூக்க ரசாக் ஒரு பக்கம் பிடித்தான். கலாமணிக்கு அவன் ரசாக்ணா ஆயிற்றே; ஒரு அண்ணனும் இப்படி ஒரு மேசையை இவ்வளவு சந்தோஷமாகத் தூக்கியிருக்க மாட்டான்.

கலாமணி இப்போது நேர் எதிரே. வலது பக்கம் திரும்பியது: பூஜ்யம்.